நீர்வழியிலிருந்து நீர்வழிக்கு: பள்ளிக்கரணை – கோவளம் வடிநிலமும் வாரியக் குடியிருப்புகளும்

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஒவ்வோர் ஆண்டும் தென்சென்னையின் இரண்டு காட்சிகள் ஊடகங்களில் இடம்பெறுகின்றன. ஒன்று, வேளச்சேரி மேம்பாலத்தின் மீது முன்னெச்சரிக்கையாக வரிசைகட்டி நிறுத்தப்படும் கார்கள். மற்றொன்று, செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்புகளில் தேங்கிய நீரில் குடத்தோடு நடக்கும் பெண்கள். முதல் காட்சி நகரத் திட்டமிடலின் தோல்வியாகப் பேசப்படுகிறது. இரண்டாவது காட்சியை இயற்கைப் பேரிடர் என்று கூறி, நிவாரணப் பொட்டலத்தோடு முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே ஒரே வடிநிலத்தின் ஒரே நீர். ஆனால் வேளச்சேரியில் வீடு வாங்கியவர் ஏதோ ஒரு தேர்வைச் செய்தார். செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் சென்றவர்களில் பெரும்பாலோரை அரசு லாரியில் ஏற்றி அனுப்பியது.

இந்த வடிநிலத்தில் நீர் எப்படி ஓடுகிறது, எங்கே தடைபடுகிறது, தடைபட்ட நீர் தேங்கும் இடத்தில் யார் எப்படிக் கொண்டுவந்து வைக்கப்பட்டார்கள், எந்தத் துறை எதற்குப் பொறுப்பு என்பவற்றை இக்கட்டுரை ஓரிடத்தில் தொகுக்கிறது. வெள்ளக் காலத்தில் பேசவும், மனு எழுதவும், வழக்குத் தொடுக்கவும் வேண்டிய தோழர்களுக்கு முதலில் தேவைப்படுவது வடிநிலத்தின் வரைபடம்தான்.

ஏரியிலிருந்து கழிமுகம் வரை

சென்னை மாநகரின் வெள்ளநீர் கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, கோவளம் என்னும் நான்கு வடிநிலங்கள் வழியாகக் கடலை அடைகிறது. முதல் மூன்றும் ஆறுகளின் பெயரால் அறியப்படுபவை. நான்காவதில் ஆறு இல்லை. சங்கிலித் தொடராக அமைந்த ஏரிகள், அவற்றின் உபரிநீர் சென்று பரவும் ஒரு பெரிய சதுப்பு நிலம், சதுப்பிலிருந்து நீரை வெளியேற்றும் ஒரு மடுவு, கடற்கரைக்கு இணையாகத் தெற்கே செல்லும் ஒரு கால்வாய், முடிவில் முட்டுக்காடு – கோவளம் கழிமுகம். இவ்வளவுதான் இதன் உறுப்புகள்.

சேலையூர் ஏரி நிரம்பினால் ராஜகீழ்ப்பாக்கம், அது நிரம்பினால் செம்பாக்கம், பின்னர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று நீர் படிப்படியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடையும். வடக்கிலிருந்து ஆதம்பாக்கம், வேளச்சேரி ஏரிகளின் நீரும் இங்கேதான் வரும். தெற்கே ஒட்டியம்பாக்கம், அரசன்கழனி, சித்தாலப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் பெரும்பாக்கம், நூக்கம்பாளையம், செம்மஞ்சேரி வழியே கிழக்கு நோக்கி இறங்கிப் பக்கிங்காம் கால்வாயைத் தேடும். சதுப்பு நிலத்துக்கு நீர் தரும் பரப்பு ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர்.

ஏரிப் பாசனம் அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பின் இலக்கணம் புரியும். வரத்துக்கால்வாய் வழியே நீர் வரும். மதகு வழியே வயலுக்குப் போகும். மிஞ்சியது கலங்கல் தாண்டிப் போக்குக்கால்வாயில் அடுத்த ஏரிக்குச் செல்லும். ஆயக்கட்டு வயல்கள் மனைகளான பின்பு மதகுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கலங்கலுக்கு வேலை போகவில்லை. நிரம்பிய ஏரி வழிந்தே தீரும். போக்குக்கால்வாய் இருந்த இடத்தில் தெரு இருந்தால் தெருவே போக்குக்கால்வாய் ஆகும்.

சதுப்பிலிருந்து நீர் வெளியேறுவதற்கு அமைந்த முதன்மையான வாயில் ஒக்கியம் மடுவு. பழைய மாமல்லபுரம் சாலையை, இன்றைய ராஜீவ் காந்தி சாலையை, அது பாலத்தின் அடியில் கடந்து பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. அங்கிருந்து கடல் நேர்கிழக்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் இடையில் கடலோர மணல்மேடு நிற்கிறது. ஆகவே நீர் கால்வாய் வழியாக ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தெற்கே சென்று முட்டுக்காட்டில்தான் கடலைக் காண முடியும். மடுவுக்குக் கிழக்கே நேராக ஒரு வெட்டுக்கால்வாய் அமைத்துக் கடலில் விடலாம் என்ற யோசனை நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது.

ஓர் எளிய கணக்கு

வெள்ளம் பற்றிய விவாதங்களில் 'வரலாறு காணாத மழை' என்ற சொற்றொடர் எல்லாக் கேள்விகளையும் மூடிவிடுகிறது. மழையின் அளவைப் போலவே நீர் பரவுவதற்குரிய இடத்தின் அளவும் முக்கியம். அதைக் காட்ட ஒரு கணக்குப் போதும்.

250 சதுர கிலோமீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 2.5 கோடி கன மீட்டர். இது 0.9 டி.எம்.சி.க்குச் சற்றே குறைவு. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவில் ஏறத்தாழ கால் பங்கு. பள்ளிக்கரணைச் சதுப்பு அரை நூற்றாண்டுக்கு முன்பு 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்ததாக ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். அந்தப் பரப்பில் மேற்சொன்ன நீர் முழுவதும் ஒரே நேரத்தில் வந்து நின்றாலும் ஆழம் அரை மீட்டர்தான், அதாவது முழங்கால் அளவு. 2022-இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். அதே நீர் இந்தப் பரப்பில் நின்றால் ஆழம் இரண்டு மீட்டர். அது ஆள் மூழ்கும் அளவு.

இது கரடுமுரடான கணக்கு. பெய்யும் நீரில் ஒரு பகுதி மண்ணில் இறங்கும், ஒரு பகுதி ஏரிகளில் தங்கும், ஒரு பகுதி வழிந்து வெளியேறிக்கொண்டே இருக்கும் என்பதை நான் விட்டுவிட்டேன். எதிர்த்திசையில் வேறு சிலவற்றையும் விட்டிருக்கிறேன். ராம்சர் எல்லைக்குள் உள்ள நிலம் முழுவதும் நீர் தங்கும் நிலையில் இல்லை. கான்கிரீட் தரையில் விழும் மழை மண்ணில் இறங்குவதில்லை. ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் என்பதும் சென்னைக்கு அரிய மழை அன்று. 2015 டிசம்பர் முதல் நாளை ஒட்டிய 24 மணி நேரத்தில் இந்த வடிநிலத்தின் மேற்குத் தலைப்பில் உள்ள தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது.

நாலில் ஒரு பங்காகச் சுருங்கிய பாத்திரத்தில் அதே நீரை ஊற்றினால் அது விளிம்பு தாண்டி வழியும். விளிம்பில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பின்னர் வருவோம்.

எங்கெல்லாம் அடைப்பு

சதுப்பு நிலத்தைச் சுருக்கியது குடிசைகள் அல்ல. மாநகராட்சியின் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு சதுப்பின் உள்ளேயே அமைந்தது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அங்கேயே கட்டப்பட்டது. பல்லாவரம் – துரைப்பாக்கம் 200 அடிச் சாலை சதுப்பை வடக்கு, தெற்கு என இரண்டாக வெட்டிச் செல்கிறது. சாலைக்கு அடியில் உள்ள சிறுபாலங்கள் அனுமதிக்கும் அளவுக்கே ஒரு பாதியின் நீர் மறுபாதிக்குப் போக முடியும். ஒன்றிய அரசின் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனமும் தேசியக் காற்றாற்றல் நிறுவனமும் இச்சதுப்பைச் சார்ந்த நிலத்தில் வளாகம் அமைத்தவை. பறக்கும் ரயிலின் வேளச்சேரி, பெருங்குடி நிலையங்களும் தாழ்நிலத்தில் எழுந்தவையே. பின்னர் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள், மருத்துவமனைகள், கல்லூரிகள், அடுக்குமாடிகள் வந்தன. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது சதுப்பின் பெரும்பகுதி ஏற்கெனவே கைமாறியிருந்தது.

அடுத்த தடை ஒக்கியம் மடுவு. ஒரு பெரும் சதுப்பின் நீர் முழுவதும் ஒரு பாலத்தின் கண்களுக்குள் நுழைந்து வெளியேற வேண்டியிருக்கிறது. மடுவில் ஆகாயத்தாமரை மண்டினாலும் வண்டல் மேடிட்டாலும் பாலத்தின் கண்கள் பாதி அடைபட்டவை போலாகின்றன. ஆண்டுதோறும் மழைக்கு முன்பு தூர்வாரும் பணி நடக்கிறது. தூர்வாரிய மண் கரையிலேயே குவிக்கப்பட்டு முதல் மழையில் மீண்டும் உள்ளே இறங்குவதைக் கரையோரம் வசிப்பவர்கள் நன்கு அறிவார்கள்.

பக்கிங்காம் கால்வாய் வெள்ளம் வடிவதற்காக வெட்டப்பட்டது அன்று. சரக்குப் படகுகள் செல்வதற்காக 19-ஆம் நூற்றாண்டில் கட்டம் கட்டமாக வெட்டப்பட்டது. 1876–78 தாதுவருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி தோண்டப்பட்டது. அப்போதைய சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு வந்தது. பஞ்சத்தில் வாடிய உழைப்பாளிகளின் கைகள் தோண்டிய கால்வாய் அது. படகுக் கால்வாய்க்குச் சரிவு தேவையில்லை. நீர் நின்றால் போதும். வடிகாலுக்குச் சரிவுதான் உயிர். கடல்மட்டத்தை ஒட்டிய, சரிவே இல்லாத ஒரு கால்வாயைத் தென்சென்னையின் முதன்மை வெள்ள வடிகாலாக நம்பியிருக்கிறோம் என்பது அடிப்படையான சிக்கல்.

இறுதியில் கழிமுகம். கோடையில் முட்டுக்காடு முகத்துவாரம் மணல் சேர்ந்து அடைபடும். மழைக்கு முன்பு அதைத் திறந்துவிட வேண்டும். திறந்திருந்தாலும், புயல் காலத்தில் கடல் பொங்கும் வேளையில், ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில், கால்வாய் நீர் வெளியேறாது. 'கடல் தண்ணியை வாங்கவில்லை' என்று மீனவர்கள் சொல்வது இதைத்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னைக் கடற்கரைக்கு அருகே மெதுவாக நகர்ந்தபோது இது நடந்தது. மழை ஓய்ந்து நாள்கள் கழிந்த பின்னும் பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் நீர் இறங்காமல் நின்றது. தெருவோர மழைநீர் வடிகாலை எவ்வளவு அகலமாகக் கட்டினாலும், அது போய்ச் சேரும் கால்வாயின் நீர்மட்டம் தெருவைவிட உயர்ந்திருந்தால், வடிகால் வழியே நீர் திரும்பித் தெருவுக்குத்தான் வரும்.

ஆற்றங்கரையிலிருந்து சதுப்பங்கரைக்கு

1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டது. 1971-இல் அதற்கான சட்டம் வந்தது. தொடக்கக் காலத்தில் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குக் குடியிருப்பு எழுப்புவது வாரியத்தின் நடைமுறையாக இருந்தது. சென்னையின் மையப் பகுதிகளில் இன்றும் காணப்படும் பழைய வாரியக் கட்டடங்கள் அந்தக் காலத்தவை. நகர நிலத்தின் விலை ஏறத் தொடங்கியபின் இந்த நடைமுறை மாறியது. 2000-ஐ ஒட்டி ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் உருவானது. அடுத்து செம்மஞ்சேரி; 2004 ஆழிப்பேரலையில் வீடிழந்த மீனவக் குடும்பங்களும் அங்கே கொண்டுசெல்லப்பட்டன. பிறகு எழில் நகர், பெரும்பாக்கம். கண்ணகி நகர், எழில் நகர் இரண்டிலும் சேர்த்து 23,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேல். செம்மஞ்சேரியில் 6,000-க்கும் மேல். ஏறத்தாழ ஐம்பதாயிரம் வீடுகள் ஒரே வடிநிலத்தின் தாழ்ந்த பகுதியில், சதுப்புக்கும் கால்வாய்க்கும் இடையிலோ அவற்றை ஒட்டியோ குவிக்கப்பட்டுள்ளன. 2021-இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. வீடுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

வெளியேற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணத்தைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான ஆணைகளில் இருப்பது 'நீர்நிலை ஆக்கிரமிப்பு' என்ற சொல். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்தச் சொல்லின் வேகம் கூடியது. அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்தோர் வெள்ள அபாயத்தில் இருக்கிறார்கள், நீரோட்டத்துக்கும் தடையாக இருக்கிறார்கள் என்று கூறி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கும் எழில் நகருக்கும் அனுப்பப்பட்டன. வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த இடம் அதே 2015-இல் மூழ்கிய வடிநிலம்.

2019 டிசம்பர் இறுதியில் கூவம் கரையோரம் இருந்த சத்தியவாணி முத்து நகர்க் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அகற்றப்பட்டன. ஒன்றிய அமைச்சராக இருந்த, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தோற்றுவித்த தலித் பெண் தலைவரின் பெயரைத் தாங்கிய குடியிருப்பு அது. பெயரும் நகரத்தின் நடுவிலிருந்து போய்விட்டது.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய்க் கரை என்ற காரணத்தால், நீதிமன்ற ஆணையின்படி வீடுகள் இடிக்கப்பட்டபோது குடியிருப்பாளர் ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அங்கிருந்து வெகுதூரம் இல்லாத இடத்தில் அதே கால்வாயின் நீரோட்டத்துக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. தூணும் குடிசையும் ஒரே கால்வாயில். ஒன்று உள்கட்டமைப்பு, மற்றொன்று ஆக்கிரமிப்பு. அந்த மரணத்துக்குப் பிறகு, இனி மாற்றிடம் பற்றி மக்களோடு முன்கூட்டியே கலந்து பேசப்படும் என்றும் மறுவாழ்வுக் கொள்கை வகுக்கப்படும் என்றும் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். அதற்கு முன்பே, 2021-இல், மறுகுடியமர்வு, மறுவாழ்வுக் கொள்கையின் வரைவு ஒன்று பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டிருந்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 17 விழுக்காடு. மறுகுடியமர்வுகளில் அவர்களின் பங்கு இதைவிட மிக அதிகம் என்பதை அங்கே நடந்த கள ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. எனவே 'ஏழைகள் எங்கும் பாதிக்கப்படுகிறார்கள்' என்ற பொதுக்கூற்று இங்கே போதாது. தலித்துகளை ஊருக்கு வெளியே தாழ்ந்த நிலத்தில் வைப்பது என்ற பழைய கிராம ஒழுங்கு, வாரியத்தின் தளவரைபடம் வழியாக நகரத்தில் மறுபடி எழுதப்பட்டிருக்கிறது.

'புறம்போக்கு' என்னும் வகைமை

இந்நிலப்பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலை குறித்து அளித்த அறிக்கையும், அதையொட்டி 1892-இல் வந்த அரசாணையும்தான் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு அடிப்படை. நூறாண்டு கழித்து 1994-இல், அதே மாவட்டத்தில், காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியானதை நம் வாசகர்கள் அறிவார்கள். நிலம் கேட்டவர்களுக்கு இம்மாவட்டம் தந்த பதில் அது.

சதுப்பு நிலத்தை உள்ளூர் மக்கள் கழுவெளி என்றார்கள். மேய்ச்சல், மீன், நண்டு, கோரை, விறகு என்று அது பலருக்குச் சோறிட்டது. இருளர்கள் கழிமுகத்திலும் கால்வாயிலும் இறாலும் நண்டும் கையாலேயே பிடித்து வாழ்ந்தார்கள்; இன்றும் சிலர் வாழ்கிறார்கள். ஆனால் வருவாய்த்துறைப் பதிவேட்டில் வரி தராத நிலம் தரிசு அல்லது புறம்போக்கு. அந்தச் சொல் காலப்போக்கில் வசைச்சொல்லாகவும் ஆயிற்று. பயன்படாதது என்று பதிவான நிலத்தில் குப்பையைக் கொட்டலாம், கழிவுநீரை விடலாம், எங்கும் இடமில்லாத மக்களையும் வைக்கலாம். மூன்றும் ஒரே வடிநிலத்தில் நடந்திருப்பது தற்செயலன்று.

மதகைத் திறந்து மூடுதல், வாய்க்காலைச் செப்பனிடுதல், வயலுக்கு நீர் பாய்ச்சுதல் ஆகிய நீர்க்கட்டிப் பணிகளைத் தமிழகத்தின் பல ஊர்களில் தலித்துகளே செய்துவந்தனர். ஏரியின் நாடி தெரிந்தவர்கள் அவர்கள். ஏரியின் மீது உரிமை இல்லாதவர்களும் அவர்களே. இன்றைய வடிகால் திட்ட ஆலோசனைக் கூட்டங்களிலும் இந்த ஏற்பாடு பெரிதாக மாறிவிடவில்லை.

யாருடைய ஆட்சேபம் செல்லுபடியாகிறது

கோவளம் வடிநிலத்துக்கான ஒருங்கிணைந்த மழைநீர் வடிகால் திட்டத்தை மாநகராட்சி ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடனுதவியோடு மேற்கொண்டது. பணிகள் மூன்று தொகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணற்பாங்கான பகுதிக்கானது. அங்குள்ள குடியிருப்போர் எதிர்த்தார்கள். மணலில் மழைநீர் தானே இறங்கி நிலத்தடி நீரைப் பெருக்கும். கான்கிரீட் வடிகால் அமைத்தால் நன்னீர் கடலுக்கு வீணாகும், உவர்நீர் உள்ளே வரும் என்பது அவர்கள் வாதம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றார்கள். கடன் தந்த வங்கிக்கும் எழுதினார்கள். அப்பகுதிப் பணி நிறுத்திவைக்கப்பட்டு மாற்றியமைக்கப்பட்டது.

அவர்கள் வாதம் சரியானது என்றே நான் கருதுகிறேன். மணல்மேட்டில் அந்த வடிகால் தேவையில்லை. நம் கேள்வி வேறு. வடிகால் வேண்டாம் என்றவர்களின் குரல் வெளிநாட்டு வங்கி வரை எட்டியது. வடிகால் வேண்டும் என்று கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் ஆண்டாண்டாகக் கேட்டது வட்ட அலுவலகத்தைத் தாண்டவில்லை. கால்வாயின் கிழக்குக் கரையில் சூழலியல் வாதம் பேசப்பட்டது. மேற்குக் கரையில் மோட்டார் பம்புகள் வந்தன. வெள்ளத் தணிப்புக்கு வழிகாட்ட, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வெ. திருப்புகழ் தலைமையில் 2021-இல் அமைக்கப்பட்ட குழு 2023-இல் தன் அறிக்கையை அளித்தது. மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகு அதை மக்கள் முன் வைக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது.

2025-இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, பள்ளிக்கரணை ராம்சர் எல்லைக்குள்ளும் அதிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவிலும் அறிவியல் ஆய்வு முடியும்வரை புதிய கட்டுமான அனுமதி வழங்க வேண்டாம் என்று சி.எம்.டி.ஏ.வுக்கு உத்தரவிட்டது. வரவேற்கத்தக்க ஆணை. ஆயினும் இதில் நாம் விழிப்பாக இருக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. சதுப்பைக் காப்போம் என்ற முழக்கம் நாளை பெரும்பாக்கத்து வாரியக் குடியிருப்பின் பக்கம் திரும்பினால், ஒருமுறை ஆற்றின் பெயரால் வெளியேற்றப்பட்டவர்கள் இரண்டாவது முறை சதுப்பின் பெயரால் வெளியேற்றப்படுவார்கள். அரசே கட்டி, அரசே குடியமர்த்திய வீடுகளில் இருப்போர் ஆக்கிரமிப்பாளர் அல்லர் என்பதைச் சூழலியல் இயக்கங்கள் இப்போதே தம் மனுக்களில் எழுதி வைப்பது நல்லது.

வடிகாலுக்குள் இறங்குவோர்

மழைநீர் வடிகாலில் மழைநீர் மட்டும் ஓடுவதில்லை. புதைசாக்கடை இணைப்பு இல்லாத, அல்லது இருந்தும் பொங்கி வழியும் பகுதிகளில் மலக்கழிவு மழைநீர் வடிகாலிலேயே விடப்படுகிறது. அடைப்பு எடுக்க இறங்குவோர் பெரும்பாலும் அருந்ததியர்களும் பிற தலித்துகளும். ஏட்டில் அது 'மழைநீர் வடிகால் தூர்வாருதல்' என்று பதிவாகும். அதனால் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் பொருந்தாது என்று ஒப்பந்ததாரர் வாதிடலாம்.

2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்கள் இந்த வாதத்துக்கு இடம் தரவில்லை. கையால் மலம் அள்ளுபவர் என்பதற்கான வரையறை, சுகாதாரமற்ற கழிப்பறைகளின் மலம் வந்து சேரும் திறந்த சாக்கடையையும் உள்ளடக்குகிறது. சாக்கடை என்பதற்கு அச்சட்டம் தரும் பொருள், பிற கழிவுகளோடு மனித மலத்தைக் கொண்டுசெல்லும் நிலத்தடிக் குழாய் அல்லது வழி. மூடிய மழைநீர் வடிகாலில் மலக்கழிவு ஓடினால் அதன் பெயர்ப்பலகை எதுவாயினும் அது செய்யும் வேலை சாக்கடையின் வேலை. மரணம் நேர்ந்தால் இழப்பீடு 10 லட்சம் ரூபாய் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் வகுத்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. வடிகாலுக்குள் நிகழும் மரணங்களில் முதல் தகவல் அறிக்கையில் இச்சட்டமும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்க்கப்பட்டுள்ளனவா என்பதை உடனடியாகப் பார்க்க வேண்டும். பின்னாளில் சேர்ப்பது கடினம்.

எந்த அலுவலகத்திடம் எதைக் கேட்பது

வெள்ள நேரத்தில் ஒரு துறை இன்னொரு துறையைக் கைகாட்டுவது வழக்கம். அதற்கு வாய்ப்பளிக்கும் வகையில்தான் பொறுப்புகள் சிதறிக் கிடக்கின்றன. ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முகத்துவாரம் ஆகியவை நீர்வளத் துறையிடம். தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம். பெருஞ்சாலைகளின் சிறுபாலங்கள் நெடுஞ்சாலைத் துறையிடம். சதுப்பின் காப்புக்காடு வனத்துறையிடம். கழிவுநீர் குடிநீர் வாரியத்திடம். குடியிருப்பு வளாகத்தின் உட்பகுதி வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம்.

எல்லைச் சிக்கலும் உண்டு. ஒக்கியம் துரைப்பாக்கமும் செம்மஞ்சேரியும் 2011-இல் மாநகராட்சியில் இணைக்கப்பட்டு இன்று சோழிங்கநல்லூர் மண்டலத்தில் உள்ளன. பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சி. மாநகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட இருபதாயிரம் குடும்பங்களுக்கான வீடுகள் ஒரு கிராம ஊராட்சியின் எல்லைக்குள் கட்டப்பட்டன. மாநகராட்சியின் வடிகால் வரைபடம் அந்த எல்லையில் நின்றுவிடும், நீர் நிற்காது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். குறிப்பான ஆவணங்களைக் கேட்க வேண்டும். வாரியத்திடம்: ஒவ்வொரு குடியிருப்பு வளாகத்தின் தரைத்தளம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் உள்ளது; கட்டுவதற்கு முன் நீர்வளத் துறையிடம் வெள்ளப்பெருக்கு குறித்த தடையின்மைச் சான்று பெறப்பட்டதா, அதில் விதித்த நிபந்தனைகள் யாவை; குடியமர்த்தப்பட்டோரின் சாதிவாரி எண்ணிக்கை என்ன. நீர்வளத் துறையிடம்: ஒக்கியம் மடுவின் வடிவமைப்பு வெளியேற்றத் திறன் எத்தனை கனஅடி, 2015, 2021, 2023 ஆண்டுகளில் பதிவான உச்ச நீர்மட்டம், தூர்வாரும் பணியின் அளவுப் புத்தக நகல். மாநகராட்சியிடம்: கோவளம் வடிநிலத் திட்டத்தில் வாரியக் குடியிருப்புகளுக்குள் எத்தனை மீட்டர் வடிகால் திட்டமிடப்பட்டது, எத்தனை மீட்டர் கட்டப்பட்டது. நெடுஞ்சாலைத் துறையிடம்: 200 அடிச் சாலையிலுள்ள சிறுபாலங்களின் எண்ணிக்கை, அகலம், அடிமட்ட உயரம்.

இவற்றுள் முதலாவதாகக் குறிப்பிட்ட தரைமட்ட உயரமே முதன்மையானது. ஒரு வளாகத்தின் தரைமட்டமும், அதற்கு அருகே கால்வாயில் பதிவான உச்ச நீர்மட்டமும் கையில் இருந்தால், அந்த வளாகம் எந்த மழைக்கு மூழ்கும் என்பதைக் கல்லூரி மாணவர் ஒருவர் கணக்கிட்டுவிடலாம். அந்த இரண்டு எண்களும் வீடு கட்டுவதற்கு முன்பே அரசிடம் இருந்தனவா என்பதைத்தான் நீதிமன்றத்தில் முதலில் கேட்க வேண்டியிருக்கும்.